ஆறு குதிரை கூடிய வண்டி

பேக்கரிக்காரர் வண்டியை உருட்டிக்கொண்டு பட்டறைக்குள் வந்தபோதே முகம் சரியில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

"ஏம்மா, ஆறு குதிரை கூடியிருக்குன்னு நீதானே சொன்ன? அந்த ஆறும் எங்க போச்சு? வழியில கயித்த அறுத்துக்கிட்டு ஓடிடுச்சா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பட்டறை அவளுடைய அண்ணனுடையது. சைலன்சர் மாற்றுவது, ஏர் ஃபில்டர் மாற்றுவது, எஞ்சினைப் பிரித்து மேய்வது எல்லாம் அவன் வேலை. கண்ணாடிக் கதவு போட்ட பின்னறையும் அதிலிருந்த டைனோ மிஷினும் அவள் பொறுப்பு. வண்டியை ஏற்றிக் கட்டி, பின்சக்கரத்தை இரும்பு உருளைமேல் முழு வேகத்தில் ஓடவிட்டால், சக்கரத்துக்கு எத்தனை குதிரைசக்தி வந்து சேருகிறது என்று திரையில் தெரிந்துவிடும். சாமான் மாற்றுவதற்கு முன் ஒரு ஓட்டம், மாற்றிய பின் ஒரு ஓட்டம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் வாயால் கேட்டுத்தான் ஆட்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

"மிஷின் பொய் சொல்லாது சார். முன்னாடி முப்பத்தொண்ணு, பின்னாடி முப்பத்தேழு. நானே அளந்தேன்."

"அப்புறம் எப்படி என் மச்சான் மேட்டுல என்னைத் தாண்டிப் போறான்? அதே வண்டி. ஒரு ஸ்க்ரூகூட மாத்தாத வண்டி. தாண்டிட்டுத் திரும்பிப் பாத்து சிரிக்கிறான்!"

"உங்க மச்சான் ஒல்லியா இருப்பாரோ என்னவோ."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு, "என் எடையப் பத்திப் பேச நான் வரல," என்றார், குரல் இறங்கி.

அண்ணன் சாமான் வாங்க வெளியே போயிருந்தான். இவரை வாயடைக்க வைக்கிறேன் பார் என்று அவள் வண்டியை ஏற்றி ஓட்டினாள். அதே முப்பத்தேழு. "பாத்தீங்களா?" என்றாள், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி.

"சரி. பழைய சாமானை மாட்டி இன்னொரு தடவ ஓட்டு. அதையும் பாத்துட்டுப் போறேன்."

அவருடைய பழைய சைலன்சரும் ஃபில்டரும் மூலையில்தான் கிடந்தன. வீம்புக்கு மாட்டினாள். திரை முப்பத்தைந்து என்றது. எங்கேயோ தப்பு என்று மறுபடி ஓட்டினாள். அப்போதும் முப்பத்தைந்து.

கூடியிருந்தது ரெண்டே ரெண்டு. அப்படியென்றால் அன்றைக்கு முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது?

"எனக்கே புரியல சார்," என்றாள். அவள் புதிய சாமானை மறுபடி மாட்டும்வரை நின்று, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணனிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான். கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு நர்ஸ் சைலன்சர் மாற்றத் தன் வண்டியைக் கொண்டுவந்து விட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணன் வழக்கம்போல, "நீ போய் டீ சொல்லிட்டு வா, வண்டிய நான் கட்டி வைக்கிறேன்," என்றான். ஒவ்வொரு முதல் ஓட்டத்துக்கு முன்பும் இப்படித்தான். கனமான வண்டியைத் தங்கை தூக்கி அல்லாட வேண்டாமென்ற பாசம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இன்று வாசல் வரை போய், பக்கத்துச் சந்து வழியே திரும்பி வந்து, கண்ணாடிக் கதவருகே நின்றாள்.

அண்ணன் பின்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் அழுத்தினான். உஸ்ஸென்று காற்று இறங்கியது. பெருவிரலால் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. காற்று குறைந்த டயர் உருளையில் நசுங்கி நசுங்கித்தான் ஓடும். எஞ்சின் கொடுப்பதில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். அப்புறம் புது சைலன்சரை மாட்டி, சத்தமில்லாமல் காற்றையும் அடித்துவிட்டால் ரெண்டு என்ன, ஆறே கூடும்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"என்ன பண்ற?"

"டயர் செக் பண்றேன்."

"காத்த எறக்கியா செக் பண்ணுவாங்க?"

அண்ணன் வெளியே பெஞ்சில் இருந்த நர்ஸை ஒரு பார்வை பார்த்தான். "மெதுவா பேசு. உன் மிஷின்ல நான் கை வச்சேனா? நம்பர மாத்தினேனா? ஊரெல்லாம் பண்றதுதான். ரெண்டு கூடும்னா எவன் வருவான்? ஆறுன்னு கேட்டா அவனுக்கும் ஒரு கெத்து. யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு நஷ்டம்! நேத்து ஒரு மனுஷன் உண்மைய வந்து சொன்னாரு. நான் அவரு வயித்தக் கிண்டல் பண்ணேன். எனக்கே தெரியாம என்னைப் பொய்க்காரி ஆக்கி உக்கார வச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

"ஏய், வார்த்தைய அளந்து பேசு."

"அளக்கறத பத்தி நீ பேசாத! வேலை தெரியாதவன் ஏமாத்தினா தொலையட்டும்னு விட்டுடலாம். உனக்குத்தான் தெரியுமே அண்ணா! எஞ்சின் ஹெட்டப் பிரிச்சு, காத்துப் போற வழிய ராவி ராவி நிஜமாவே கூட்டினவன்தானே நீ? அதுக்கு ஒரு வாரம் முதுகு ஒடியணும்னு, சாவியால உஸ்ஸுன்னு முடிச்சிட்ட!"

அண்ணனின் முகம் கறுத்தது. "இது என் பட்டறை. பிடிக்கலைன்னா கிளம்பு."

"கிளம்பறேன். இத முடிச்சிட்டு."

நர்ஸை உள்ளே கூப்பிட்டாள். அவள் கண்முன்னாலேயே டயருக்குக் காற்றடித்து, வண்டியை ஓட்டி, எண்ணைக் காட்டி, இந்த சைலன்சரை மாட்டினால் ரெண்டுதான் கூடும் என்றாள். "ரெண்டுக்கா அவ்வளவு சத்தம்? தெருவே எந்திரிச்சு அடிக்க வந்துடும்," என்று நர்ஸ் வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் வீசினான்.

அவள் நேராக பேக்கரிக்குப் போனாள். நன்றி சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்ட பேக்கரிக்காரர் மாவுக் கையோடு கத்தினார்.

"ஆறுன்னு மச்சான்கிட்ட பீத்திட்டேனேம்மா! இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ரெண்டுன்னு சொல்வேன்?"

"நீங்கதானே சார் கேக்க வந்தீங்க?"

"வந்தேன்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். "எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு ஒரு மாசமா நெனச்சிக்கிட்டிருந்தேன். தெரியுமா உனக்கு?" பிறகு, "இத உங்க அண்ணன் வந்து சொல்லட்டும். நீ ஏன் வந்த?" என்றார்.

அவள் படியிறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

சில நாள் வீட்டிலேயே இருந்தாள். அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணன் சரியாவே சாப்பிடறதில்ல."

"தங்கச்சி போன கவலையிலயா அண்ணி?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன். அந்த மிஷின யாருக்கும் ஓட்டத் தெரியலயாம்."

சிரிப்பு வரவில்லை. இனிமேல் காற்று அவள்தான் அடிப்பாள், வண்டிக்காரர் அறைக்குள்ளேயே நிற்க வேண்டும், அண்ணன் பேக்கரிக்குப் போக வேண்டும். மூன்றுக்கும் சரியென்றால் வருவதாகச் சொன்னாள். அண்ணன் பேக்கரிக்குப் போய்விட்டு வந்தான்.

"என்ன சொன்னாரு?" என்று பட்டறை வாசலில் நின்று கேட்டாள்.

"எல்லாம் சொன்னாரு. நம்ம அம்மா வரைக்கும் போயிட்டாரு."

"உன்னால எனக்கும் சேத்துத் திட்டு."

பேக்கரிக்காரரின் வண்டியைக் கையோடு தள்ளிக்கொண்டு வந்திருந்தான். அன்றே எஞ்சினைப் பிரித்துப் போட்டான். குனிந்த தலை நிமிராமல், அரத்தைப் பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் ராவினான். எஞ்சினைக் கோத்து முடித்ததும் வண்டியை அவளே ஏற்றி, டயருக்குக் காற்றடித்து, பேக்கரிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி ஓட்டினாள்.

முப்பத்தொன்பதரை. பழைய சாமானோடு இருந்ததைவிட நாலரை கூடுதல். பேக்கரிக்காரர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜமாவா?" என்றார், சந்தேகம் போகாமல். "நிஜமாத்தான்," என்றாள்.

அண்ணன் கைகளைத் துடைத்தபடி கதவில் சாய்ந்து நின்றான். முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. "எப்படி?" என்று புருவத்தைத் தூக்கினான்.

இத்தனை நாளில் ஆறிப்போயிருக்கும் என்று அவள் நினைத்திருந்த கோபம் அப்போதுதான் தலைக்கேறியது. நேர்மையாகக் கூட்ட முடியாதவனாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. வண்டியைக் கட்டியிருந்த பட்டையை வெடுக்கென்று அவிழ்த்து அவன் காலடியில் எறிந்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டியை இறக்கினாள்.