மூன்றாம் பாகம் கிடைக்காத படம்

கொல்லிமலைக்கு எழுபது வளைவு என்பார்கள். அது ரோடு போட்டவர்களின் எண்ணிக்கை. சினிமாக் கம்பெனி வேனின் பின்சீட்டில், டோப்பாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறிய நான் எண்ணியது எழுநூறு. நாற்பதாவது வளைவில் என் குடல் வாய்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே குளிர் அதிகம் என்று திரும்பிப் போய்விட்டது.

அறுபத்தெட்டாம் வருஷம். சேலத்தில் ஒரு சின்னப் படக்கம்பெனியில் கதை இலாகா குமாஸ்தா நான். இலாகா என்றால் நானும் ஒரு மேஜையும்தான். மேஜைக்கு மூன்று கால். நாலாவது கால் நான். டைரக்டர் அர்த்தனாரி ஒருநாள் களைத்துப்போய் வந்து என் எதிரே உட்கார்ந்தார். அவர் எப்போதும் களைத்துப்போய்த்தான் வருவார். பிறந்தபோதே அழாமல் பெருமூச்சு விட்டவர் என்று கம்பெனியில் பேச்சு.

“குழந்தைசாமி, மொதலாளிக்குக் காலேஜ் படம் வேணுமாம். பதினெட்டு வயசுப் பசங்க, ஸ்கூட்டர், ட்விஸ்ட் டான்ஸு. ஆனா கதை மட்டும் பழைய இங்கிலீஷ் நாவலா இருக்கோணுமாம். அப்பத்தான் கௌரவமாம். நீ பி.ஏ. தானே? எதாச்சும் படிச்சுத் தொலைச்சிருக்கியா?”

நூறு வருஷப் பழைய நாவல் ஒன்றைச் சொன்னேன். மூன்று பாகம். குதிரையேறும் பண்ணைக்காரன் ஒருவன், பாதிரியார் மகளிடம் போய், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கிறான். ஆறு முறை கேட்கிறான். ஆறு முறையும் மாட்டேன் என்கிறாள். ஏழாவது முறை ஒரு குன்றின்மேல் வைத்துக் கேட்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள். அங்கே இரண்டாம் பாகம் முடிகிறது.

“கடைசியில ஒத்துக்கறாளா?”

“முடிவு பிரமாதமுங்க” என்றேன். மூன்றாம் பாகம் எங்கள் ஊர் லைப்ரரியில் இருந்ததே இல்லை என்பதைச் சொல்லவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லையே.

நாவலை இளசாக்கும் வேலை மளமளவென்று நடந்தது. குதிரையை ஸ்கூட்டராக்கினேன். பாதிரியாரை ஹாஸ்டல் வார்டனாக்கினேன். மாளிகை நடனத்தைக் காலேஜ் விழா ட்விஸ்டாக மாற்றினேன். குன்றுக்குக் கொல்லிமலை. பதினெட்டு வயது மாணவன் வேஷத்துக்குச் சின்னுசாமி அண்ணன். அவருக்கு அப்போது நாற்பத்தாறு. மூத்த மகளுக்கு வளைகாப்பு முடிந்த மறுநாள் புத்தகமும் கையுமாக முதல் ஷாட்டில் வந்து நின்றார். கதாநாயகி பாவாயிக்கு மட்டும் நிஜமாகவே இருபது வயது. போஸ்டரில் இருவருக்கும் வேறு பெயர்கள், அவை மலையேறவில்லை.

சோளக்காடு என்ற மலையூருக்கு மேலே ஒரு பாறையில் நான்கு நாட்கள் படம் பிடித்தோம். பிடித்தது என்னவோ சளிதான். கேமராவைத் திறந்தால் பனி வந்து மூடும். கேமராவை மூடினால் வெயில் வந்து சிரிக்கும். ட்விஸ்ட் ஆடி ஆடி அண்ணனின் இடுப்பு ஒரு பக்கமாக நின்றுவிட்டது; அதை நேர்ப்படுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். எல்லோருக்கும் காய்ச்சல். காய்ச்சல் இல்லாதவர்களுக்குக் கால்வலி. இரண்டும் இல்லாத என்னிடம் முடிவு இல்லை.

முடிவு தோன்றும்வரை பொழுதைத் தள்ள வேண்டுமே. ஏழாவது தடவையும் அவள் மாட்டேன் என்று சொல்வதாகவே வசனம் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலை அர்த்தனாரி என் தோளில் சாய்ந்துகொண்டார். பாசமில்லை, நிற்க முடியவில்லை.

“இதையும் மாட்டேங்கறா. அப்புறம் எப்பய்யா சரிங்கறது?”

“அடுத்த சீனுங்க. மூணாம் பாகத்துல வருதுங்க.”

“எழுதிட்டியா?”

“மனசுல இருக்குங்க.”

“மத்தியானம் சோளக்காட்டுல இருந்து பஸ்ஸு கெளம்புது. அதுக்குள்ள அது காயிதத்துல வரோணும். இல்லாட்டி நீ அந்த பஸ்ஸுல ஏறிக்க. கம்பெனிப் பக்கம் மறுபடி வராதே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். அது நிஜம்.

பாறையைச் சுற்றி வேடிக்கை பார்க்கும் கூட்டமாக நிற்பதற்கு, கொல்லிமலையின் எடப்புளி நாட்டுப் பட்டி ஒன்றிலிருந்து கண்ணாயி இருபது பேரைக் கூட்டி வந்திருந்தாள். மரவள்ளிக் காட்டுக்காரி. இடுப்பில் ஒரு கூடை நிறைய வெந்த கிழங்கு. டைரக்டரை விட அவள் சொன்னால்தான் கூட்டம் அசையும்.

முதல் டேக். அண்ணன் மண்டியிட்டு, “என்னைக் கட்டிக்கொள்வாயா?” என்றார். “மாட்டேன்” என்றாள் பாவாயி. காற்று டோப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் மிளகுக் கொடியில் மாட்டியது.

இரண்டாவது டேக். கேட்டார். மாட்டேன் என்றாள். பனி வந்து இரண்டு பேரையும் விழுங்கிவிட்டது. குரல் மட்டும் வந்தது.

மூன்றாவது டேக். கேட்டார். மாட்டேன் என்றாள். எல்லாம் சரி. ஆனால் மண்டியிட்ட அண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. “யாராச்சும் தூக்குங்கடா” என்று அவர் கூப்பிட்டதும் படத்தில் பதிவாகிவிட்டது.

“நாலாவது டேக்!”

கண்ணாயி கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். இருபது பேரும் அவள் பின்னால் நடந்தார்கள்.

நான் ஓடிப்போய் மறித்தேன். “ஏனுங்க, எங்க போறீங்க? இன்னும் முடியலீங்க.”

“முடிஞ்சு போச்சுங்க. மூணு தரம் கேட்டாச்சு. புள்ள மூணு தரமும் மாட்டேன்னுடுச்சு. எங்க பட்டியில நாலாந்தரம் கேக்கறவனுக்குப் பக்கத்துல யாரும் நிக்கமாட்டோமுங்க.”

“இது நடிப்புங்க!”

“தெரியுதுங்க சாமி. அந்த மசுரு கூட நடிப்புத்தான். அதுக்காவ? அந்தப் புள்ள சொன்ன சொல்லு நெசமாத்தானே காதுல உழுந்துச்சு?”

பாறையிலிருந்து பாவாயி சத்தமாகச் சொன்னாள். “நல்லாக் கேளுங்க அக்கா! ஆறு தடவை சேலத்துலயே சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“ஆறா!” கண்ணாயி அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். “ஏனுங்க, உங்களுக்கு வேற சோலி இல்லீங்களா?”

“எனக்கு ஒக்காந்தாப் போதும் தாயி” என்றார் அண்ணன்.

கூட்டம் இல்லாமல் ஷாட் இல்லை. கீழே பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. அர்த்தனாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை மலைச்சரிவில் உருண்டு போவது எனக்கே தெரிந்தது. கண்ணாயியின் கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப அந்தப் பையன் கதி என்னதானுங்க?”

“கம்முனு உக்காரோணும்.”

“அப்புறமா அந்தப் புள்ளைக்கு மனசு மாறுனா?”

“அதுக்கு வாய் இல்லீங்களா? அதுவா வந்து கேக்கட்டும். பொண்ணு கேட்டா நிக்கறோமுங்க. நாள் பூரா நிப்போம்.”

நான் பாறைக்குத் திரும்பி ஓடினேன். அந்த மலையில் ஐந்து நாளில் ஓடிய ஒரே ஆள் நான்தான். “சார்! இதுதானுங்க மூணாம் பாகம்! அவன் கேக்கறதை விட்டுடறான். அவ வந்து கேக்கறா!”

அர்த்தனாரி விரலை மட்டும் கேமரா பக்கம் அசைத்தார்.

அண்ணன் பாறையில் உட்கார்ந்தார். அப்படி ஒரு உட்காருதலை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. முப்பது வருஷ நடிப்பும் ட்விஸ்டும் ஸ்கூட்டரும் அவரோடு சேர்ந்து உட்கார்ந்தன. கண்ணாயியின் கூட்டம் திரும்பி வந்து சுற்றி நின்றது. பாவாயி பனிக்குள்ளிருந்து மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னைக் கட்டிக்கிறியா?”

அண்ணனுக்கு நான் ஒரு பக்க வசனத்தைக் கத்திச் சொல்லியிருந்தேன். அவருக்குத் தெம்பில்லை. “ம்” என்றார்.

“ஒரே தரத்துல ஒத்துக்கிட்டாரு பாரு! எளச்ச மனுசன்” என்றாள் கண்ணாயி. இருபது பேரும் சிரித்தார்கள். அதுவும் படத்தில் இருக்கிறது.

“கட்” என்றார் அர்த்தனாரி. என்னைக் கூப்பிட்டார். “நாவல்ல இப்படித்தானா?”

“எழுத்துக்கு எழுத்துங்க.”

“நூறு வருசத்துக்கு முந்தி, பாதிரியார் பொண்ணு, தானா வந்து கேட்டுச்சு?”

“கேட்டுச்சுங்க.”

கொட்டாவி விட்டார். கீழே பஸ் ஹாரன் அடித்தது. “பொய்யி. ஆனா இன்னொரு டேக் எடுக்க என்னால ஆவாது. போய் வேன்ல ஏறு.”

இறங்கும்போது டோப்பாப் பெட்டியோடு அதே பின்சீட்டு. பக்கத்தில் சின்னுசாமி அண்ணன், காலை நீட்டிக்கொண்டு. முப்பதாவது வளைவு வரை கண்ணை மூடியிருந்தவர் என் காதருகே குனிந்தார்.

“தம்பி, அடுத்த படத்துல எனக்கு அப்பா வேஷம் எழுதுப்பா. அப்பாவுக்கெல்லாம் நாற்காலி போடுவாங்க.”