கலிபாவின் ஐந்து கேள்விகள்

இதய மருத்துவர் கலிபா வகுத்த ஐந்து கேள்விகளைப் பதினொரு நாடுகள் எடுத்துக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் கேட்டு யார் போன் செய்தாலும், எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது நெஞ்சின் நடுவில் வலிக்கிறதா என்பதுதான். ஆமாம் என்றால்தான் மற்ற நான்கும். அவையும் ஒத்துப்போனால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோடு இதய வண்டி பறக்கும். இல்லை என்றால் சாதாரண வண்டி ஆற அமர வந்து சேரும். அவளுடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணவர் தினமும் கணினியில் பார்த்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தம்பட்டம் அடிப்பார்.

அன்று முற்பகல் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் கையெழுத்து விழா. அவள் ஒப்பமிட்டால், தலைநகரில் நடப்பது நாடு முழுவதும் விதியாகிவிடும். சுகாதாரத் துறை அலுவலக நடைவழியில் சைரா அவளை மறித்தாள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் மூத்தவள். எட்டு வருஷத்துக்கு முன் இந்த ஆராய்ச்சிக்காக அழைப்புகளைச் சேகரித்துத் தந்தவளும் அவளே.

"அக்கா, இதக் கேட்டுட்டு உள்ள போங்க."

கைபேசியைக் கலிபாவின் காதோடு வைத்தாள். போன வாரப் பதிவு.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எனக்குத்தான்."

"நெஞ்சு வலிக்குதா?"

பின்னால் ஓர் ஆண்குரல் இருமியது.

"இல்ல... முதுகுல. தோள்பட்டைகிட்ட."

"நெஞ்சுல இல்லையே?"

"இல்லீங்க."

சைரா கைபேசியை எடுத்துக்கொண்டாள். "பேரு குல்பர்ச்சின். முப்பத்தாறு வயசு. வண்டி போய்ச் சேர அம்பது நிமிஷம். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. இருமினது மாமனார்."

கலிபாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாமனாரின் பெயரையே உச்சரிக்காத மருமகள், அவர் காதுபட நெஞ்சு என்று வாயெடுப்பாளா? கலிபாவும் பத்தொன்பது வருஷம் மாமனார் வீட்டில் இருந்தவள்தான். பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் பல்வலி என்றே சொல்லிச் சமாளித்தவள்.

"அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்ல?" என்றாள் சைரா. "இவளுங்க மருமகளுங்க, வாயத் தெறந்து சொல்லமாட்டாளுங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

கலிபாவுக்கு ஞாபகம் இருந்தது. 'கூச்சத்தையெல்லாம் கணக்குல சேத்தா கட்டுரை வந்தாப்புலதான்!' அறையே சிரித்தது. முதுகு, தோள், வயிறு என்று மழுப்பிய இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகளைத் 'தெளிவற்றவை' என்று ஒதுக்கினாள். அவற்றைச் சேர்த்தபோது முடிவு கலங்கலாக இருந்தது. ஒதுக்கியதும் பளிச்சென்று துலங்கியது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க அவளுக்கு வழியே இல்லை. தெரிந்துதான் செய்தாள்.

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"நான் என்னத்தச் சொல்ல? கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினவங்க நீங்க."

சுருக்கென்றது. ஆனாலும் மனம் வக்கீலாகி வாதாடியது. இந்தக் கேள்விகளால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்ததும் நிஜம்தானே? இன்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டால் என்ன? இந்தக் காலத்துப் பெண்கள் அப்படியா ஊமையாக இருக்கிறார்கள்? தன்னைத் தேற்றிக்கொள்ளத்தான் வீட்டுக்குப் போன் போட்டாள். மருமகள் பெகிமை எடுத்தாள்.

"பெகிமை, சும்மாதான் கேக்குறேன். உனக்கு நெஞ்சு வலிச்சா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணி என்னன்னு சொல்லுவ?"

பின்னால் டிவி ஓடியது. கலிபாவின் கணவர் இன்னொரு கிண்ணம் தேநீர் கேட்பது காதில் விழுந்தது. பெகிமை குரலைத் தாழ்த்தினாள்.

"முதுகு வலின்னுதான் அத்தை. போன மாசம் உங்ககிட்டயே அப்படித்தானே சொன்னேன். தைலம் தேச்சுக்கன்னீங்க."

கலிபா கைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

"மாமா பக்கத்துலயா இருக்காரு?"

"ம்."

"முற்றத்துக்குப் போ. கதவச் சாத்து."

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது.

"இப்ப சொல்லு. எங்க வலி?"

"நெஞ்சுலதான் அத்தை. நடுவுல. படி ஏறினா வரும். இன்னிக்கிக் காலையிலேருந்து உக்காந்திருந்தாலும் வருது."

"அங்கேயே உக்காரு. மாமாகிட்ட என் அலமாரியிலேருந்து ஆஸ்பிரின் எடுத்துத் தரச் சொல்லு. ஒண்ண மென்னு முழுங்கு. வண்டி வருது." கலிபா திரும்பினாள். "சைரா, என் வீட்டுக்கு இதய வண்டி. ஒரு கேள்வியும் வேணாம்."

சைரா ஏற்கெனவே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். வண்டி கலிபாவின் வீட்டுத் தெருவுக்குள் திரும்பிவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் கலிபா கூடத்துக்குள் போனாள். கைதட்டினார்கள். துணை அமைச்சர் மரத்பெக், பூவேலை செய்த மேலங்கியை அவள் தோளில் போர்த்தப் பெருமையாக எழுந்தார். அவள் விலகி நின்றாள்.

"போத்தாதீங்க. நான் கையெழுத்துப் போடப்போறதில்ல. தலைநகரத்துலயும் முதல் கேள்விய இன்னிக்கே நிறுத்துங்க."

"என்ன டாக்டரம்மா, விளையாடுறீங்களா? சபை நெறைய ஆளு உக்காந்திருக்கு!"

அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். குல்பர்ச்சினையும் சொன்னாள், பெகிமையையும் சொன்னாள், ஒதுக்கிய இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகளையும் சொன்னாள். மரத்பெக் மேலங்கியை நாற்காலியில் வைத்தார்.

"நீங்க ஒதுக்கின அந்த இருநூத்திப் பன்னெண்டு பேருல எத்தன பேரு செத்தாங்க?"

"தெரியாது," என்றாள் கலிபா. "எல்லாரோட போன் நம்பரும் எங்கிட்டதான் இருந்துச்சு. ஒருத்திக்குக்கூடத் திரும்பப் போன் பண்ணி, உசுரோட இருக்கியாம்மான்னு நான் கேக்கல."