தலை தப்பிய கொம்புவிரியன்

வெள்ளம் வடியத் தொடங்கிய பதினோராம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, குழந்தை ஜெத்மூத்தின் கழுத்துத் தாயத்திலிருந்து ஒரு கொம்புவிரியன் இறங்கியது. விரல் நீளம், மசி நிறம். குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது, காய்ச்சல் தொடங்கி மூன்று நாள். இவளுக்கு முன் பிறந்த இரண்டையும் காய்ச்சலுக்கே பறிகொடுத்திருந்த தாய் தபெஸ், அரைத்துக்கொண்டிருந்த பார்லியை அப்படியே போட்டுவிட்டு, நிலாத் தெய்வம் கோன்சுவின் கோயில் எழுத்தர் பாசெரிடம் ஓடினாள்.

தவறு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தாயத்துக்குள் சுருட்டி வைக்கும் பாப்பிரஸ் நாணல் தாளில், தெய்வம் குழந்தையை எதிலிருந்தெல்லாம் காக்கும் என்று வரிசையாக எழுதுவது வழக்கம்: தேள், முதலை, காய்ச்சல், இடிந்து விழும் சுவர், பக்கத்து வீட்டுக் கண். பாம்பு வடிவ எழுத்து வந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்து அதன் தலையை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் எழுந்து போய்விடும். இவள் தாயத்தில் பாசெர் நாற்பத்தாறு பாம்புகளை ஒழுங்காக வெட்டியிருந்தார். நாற்பத்தேழாவது பாம்பு, காய்ச்சல் வரியில் இருந்தது. அப்போது பார்த்து பீர் வந்துவிட்டது.

“பீரா? எம்புள்ள உசுரு ஒமக்கு வெளையாட்டா போச்சா?”

“கத்தாதம்மா, ஊரே பாக்குது. ஒரு வெட்டு வெட்டுனா அடங்கிரும்.”

அவர் கத்தியோடு வந்து சேர்ந்தபோது பாம்பு குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போலச் சுருண்டு கிடந்தது. தபெஸ் அதன் அடியில் விரலை நுழைத்துத் தொட்டுப் பார்த்தாள். புதுப்பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. மூன்று நாளாகக் கண் திறக்காதவள் கண் திறந்து பாலுக்கு அழுதாள்.

“தள்ளும்மா, வெட்டிர்றேன்.”

“அதத் தொட்டீரு, ஒம்ம கைய வெட்டிருவேன்.”

“அது பிழைம்மா! வெளிய தெரிஞ்சா என் பேரு என்னாகுறது?”

“இருக்கட்டும். நீரு பிழையில்லாம எழுதுன தாயத்து ரெண்டு, எம்புள்ளைங்களோட மண்ணுக்குள்ள கெடக்கு.”

பாசெர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து போனார்.

ஜெத்மூத் வளர்ந்தாள், பாம்பு வளரவில்லை. காய்ச்சல் நாட்களில் மட்டும் இறங்கிவரும். மற்ற நாட்களில் தன் வரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அவள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் அதற்கும் சேர்த்தே படகில் இடம் போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் பாசெரிடம் தாயத்து எழுதக் கொடுக்கும் தாய்மார்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காய்ச்சல் வரி வந்ததும் அவர் கையில் பீரைக் கொடுத்துவிடுகிறார்கள்.