எப்பக் கட்டுவாரு?

மண்ணூர் எல்லப்பனுக்கு மூன்று பட்டங்கள். முன்னாள் வார்டு உறுப்பினர், சமூக சேவகர், 'எல்லப்பன் ரெசிடென்சி' உரிமையாளர். மூன்றும் விசிட்டிங் கார்டில் இருக்கின்றன. முதலாவது, பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஒரே ஒரு முறை கிடைத்தது. இரண்டாவது, கார்டில் இடம் காலியாக இருக்கிறதே என்று அச்சகத்துக்காரர் தாமாகச் சேர்த்தது. மூன்றாவது, கம்பெனிக்கு நிலம் விற்றதுபோக மிஞ்சிய ஆறு சென்ட்டில் சிமென்ட் ஷீட் போட்டு வரிசையாகக் கட்டிய எட்டு அறைகள். எட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ்.

ஐந்தாம் அறையில் நம்பிராஜன் குடியிருந்தான். நாங்குநேரிப் பக்கத்துக்காரன், வயது முப்பத்தொன்று, ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் வீட்டார், "பையனுக்கு ஒரு வண்டிகூட இல்லியே" என்று எழுந்து போனார்கள். அந்த ரோஷத்தில் மறு வாரமே தவணைக்கு ஒரு பைக் எடுத்தான். பைக் வந்தது, பெண் வரவில்லை. பிறகு கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். ஐந்து மாதமாகத் தவணை கட்டவில்லை. சிம்மை மாற்றிவிட்டு, பைக்கை அறைக்குப் பின்னால் தார்ப்பாயில் மூடி வைத்துவிட்டு, பழையபடி கம்பெனி பஸ்ஸில் போய்வந்தான்.

இப்போது இரண்டாவது இடம் வந்திருந்தது. பெண் கனகலட்சுமி, வள்ளியூர். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். போட்டோவைப் பார்த்ததிலிருந்து நம்பிராஜன் லைனில் தையலைக் கோணலாகப் போட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் அவளுடைய தாய்மாமன் வனமாமலை. விசாரித்துத்தான் முடிவு சொல்வார். விசாரித்து மூன்று மாப்பிள்ளைகளை ஏற்கெனவே தள்ளியிருந்தார்.

"அண்ணாச்சி, பொண்ணு வீட்டுல இருந்து உங்களுக்குப் போன் வரும். என்னையப் பத்தி விசாரிப்பாவ. நாலு நல்ல வார்த்தை சொல்லணும்" என்றான் நம்பிராஜன்.

"நாலு இன்னாடா நாலு, நாப்பது சொல்றேன். நான் சொன்னா இந்த மண்ணூர்ல எதுத்துப் பேச ஆளு கெடையாது" என்றார் எல்லப்பன்.

"நீ பேச ஆரம்பிச்சதும் அல்லாரும் எழுந்து பூடறாங்க. அப்பறம் எங்கேர்ந்து எதுத்துப் பேசறது?" என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி பாப்பம்மாள்.

புதன்கிழமை போன் வந்தது. ஆனால் வள்ளியூரிலிருந்து அல்ல, கிண்டியிலிருந்து. பேசியவன் மணிகண்டபிரபு. தவணை கட்டாதவர்களைத் தேடிப் பிடித்து வசூலிக்கும் ஒரு ஏஜென்சியில் வேலை. பைக் வாங்கியபோது நம்பிராஜன் கொடுத்த படிவத்தில், தெரிந்தவர் என்ற இடத்தில் எல்லப்பன் நம்பர் இருந்தது. மணிகண்டபிரபுவின் ஆபீசில் புதிதாக ஒரு சட்டம். மூன்றாம் நபரிடம் பேசும்போது கடன் என்ற சொல் வாயில் வரக் கூடாது. பாக்கி, தவணை, வண்டி, ஒன்றும் கூடாது. எதற்கு என்று சொல்லாமல் ஆளைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் பெண் வீட்டார் மட்டும்தான் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவருக்குத் தெரியாது.

"வணக்கம் சார். நம்பிராஜன்னு ஒருத்தரைப் பத்தி விசாரிக்கணும். உங்க நம்பரைக் குடுத்திருந்தாரு."

எல்லப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"கேளுங்க. முன்னாள் வார்டு உறுப்பினர் எல்லப்பன் பேசறேன்."

"இப்ப அங்கதான் இருக்காரா சார்?"

"இங்கதான் கீறாரு. தங்கமான புள்ள."

"வேலைக்கு ஒழுங்காப் போறாரா?"

"பர்மனென்ட் ஆளு சார். மாசம் நாப்பத்தஞ்சாயிரம்."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. நம்பிராஜனின் சம்பளம் பத்தொன்பதாயிரம்.

"சொத்து ஏதாவது?"

"ஊர்ல ரெண்டு ஏக்கர் நஞ்சை. இங்கயும் மனை பாத்துகினு கீறாரு."

பார்த்துக்கொண்டிருந்தது உண்மைதான். கம்பெனி பஸ் ஜன்னல் வழியாக.

மணிகண்டபிரபுவுக்கு நம்ப முடியவில்லை. மூன்றாம் நபர்கள் என்றால் அவன் அறிந்தவரை, பெரும்பாலும் பெயரைக் கேட்டதும் போனை வைப்பார்கள், அல்லது அவனுடைய அம்மாவைப் பற்றி விசாரிப்பார்கள். இவர் தானாகக் கொட்டுகிறார். தைரியம் வந்தது.

"எப்பக் கட்டுவாருன்னு ஏதாவது தெரியுமா சார்?"

"அவரு ரெடி. நீங்க சொல்ற தேதில கட்டுவாரு."

"வேற எங்கயாவது ஏற்கெனவே கட்டிக்கிட்டு இருக்காரா?"

எல்லப்பனுக்குச் சுரீரென்றது. "இன்னா சார் பேச்சு இது? கட்டுனா ஒரே எடம்தான். அந்த மாதிரிப் பழக்கமே கெடையாது."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இப்பல்லாம் நெறைய பேரு நாலு எடத்துல கட்டறாங்க. நமக்குக் கட்டறேன்னு வாக்குக் குடுத்துட்டு ஓடிடறாங்க."

"அடப்பாவிங்களா" என்றார் எல்லப்பன் உண்மையான வருத்தத்துடன். "நீங்க நேர்லயே வாங்க. ஞாயித்துக்கெழம. நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள."

"வர்றோம் சார். அதுவரைக்கும் அவரு எங்கயும் போயிடாம…"

"நான் புடிச்சி வெக்கறேன்."

விஷயம் நம்பிராஜனுக்குப் போனது. அவன் ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் சொன்னான். அம்மா வள்ளியூருக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை மண்ணூருக்கு வாரியளாமே, சந்தோசம்" என்றாள். வனமாமலை அப்படி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் கூப்பிடுகிறார்களே என்று சனிக்கிழமை ரயிலேறினார்.

ஞாயிறு பகல் மூன்று மணிக்கு ஒரே பைக்கில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். மணிகண்டபிரபுவும், தோள் அகன்ற கன்னியப்பனும். இந்தத் தொழிலில் போகும்போது ஒரு வண்டியில் இருவர், திரும்பும்போது ஆளுக்கொரு வண்டி. டீக்கடையிலிருந்து இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லப்பன் அவர்களை உட்காரவைத்தார். பாப்பம்மாள் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்தாள். கன்னியப்பன் பதினேழு வருஷ சர்வீசில் செருப்படியிலிருந்து வெந்நீர்வரை வாங்கியிருக்கிறான். கேசரி இதுதான் முதல் தடவை. முந்திரியை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டான்.

"பொம்பளைங்க யாரும் வரலியா?" என்றார் எல்லப்பன்.

"எங்க கம்பெனில லேடீஸை ஃபீல்டுக்கு அனுப்ப மாட்டாங்க சார்" என்றான் மணிகண்டபிரபு.

குடும்பத்தையே கம்பெனி என்கிறார்கள், பெரிய இடம்போல என்று எல்லப்பன் நினைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குக் கேட்டு வாங்கற பழக்கம் இல்ல. நீங்களாப் பாத்து செய்யறதுதான்."

கன்னியப்பனின் பஜ்ஜி பாதி வழியில் நின்றது. "நாங்க செய்யணுமா?"

"சார், நாங்க செய்ய வேண்டியதை ரெண்டு வருசம் முன்னாடியே செஞ்சிட்டோம்" என்றான் மணிகண்டபிரபு.

"முன்னாடியேவா?" எல்லப்பன் மனைவியைப் பார்த்தார். பாப்பம்மாள் வந்தவர்களின் காலணியைப் பார்த்தாள். "யோவ், சம்பந்தம் பேச வர்றவன் எவனாவது ஷூவோட உக்காருவானா? எனக்கு என்னமோ சரியாப் படல."

அதற்குள் நம்பிராஜன் வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக வெளியே வந்தான். கன்னியப்பனைப் பார்த்தான். படப்பை சிக்னலில் ஒருமுறை அந்தத் தோள்களிடமிருந்து தப்பி ஓடியவன் அவன். அப்படியே நின்றுவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. உயரமாக, ஒல்லியாக ஒரு மனிதர் இறங்கி, சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டே வந்தார்.

"நான் வனமாமலை. கனகலட்சுமிக்குத் தாய்மாமன்."

"அப்ப இவங்க?" என்றார் எல்லப்பன்.

எல்லோரும் மணிகண்டபிரபுவைப் பார்த்தார்கள். சுற்றிலும் மூன்றாம் நபர்கள். அவன் சட்டத்தை மீறவில்லை. "நாங்க நம்பிராஜன் சார் விஷயமா வந்திருக்கோம்" என்று மட்டும் சொன்னான்.

வனமாமலை கேசரித் தட்டுகளை எண்ணினார். "ஓஹோ. ஒரே நேரத்துல ரெண்டு எடம் பாக்கியளோ?"

எல்லப்பனுக்குக் கண்ணில் ஒளி வந்தது. நம்பிராஜனின் காதருகே குனிந்தார். "வாயத் தொறக்காத. போட்டின்னு தெரிஞ்சாதான் மதிப்பு. நான் பாத்துக்கறேன்."

"எங்க பிள்ளை என்ன ஏலத்துக்கா நிக்கா?" வனமாமலை போனை எடுத்தார். "கனகத்துட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்."

"மாமா!" என்று கத்திவிட்டான் நம்பிராஜன். "இவிய பொண்ணு வீட்டுக்காரவிய இல்ல. கடன்காரவிய. நான் பைக்குக்கு அஞ்சு மாசமாக் கட்டல. அதைத் தூக்கிட்டுப் போக வந்திருக்காவ."

கன்னியப்பன் மட்டும் பஜ்ஜியை மென்றான். எல்லப்பன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அன்னிக்கு போன்ல நான் சொன்ன நாப்பத்தஞ்சாயிரம்?"

"ரெக்கார்டு ஆயிருக்கு சார்" என்றான் மணிகண்டபிரபு மரியாதையாக.

வனமாமலை போகவில்லை. காலி நாற்காலியை இழுத்து மணிகண்டபிரபுவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இவரைப் பத்தி எத்தன பேர்ட்ட விசாரிச்சிய?"

"இந்த நாலு நாள்ல இருபத்திரெண்டு பேர் சார்."

"நான் மூணு பேரு. அதுல ரெண்டு பேரு இவரு சொந்தக்காரன். சொல்லும்."

"மூணாம் மனுஷங்ககிட்ட நாங்க எதுவும்…"

"நானே சொல்லுதேன் சார், சொல்லுங்க" என்றான் நம்பிராஜன்.

மணிகண்டபிரபு போனைத் திறந்து படித்தான். சம்பளம் பத்தொன்பதாயிரம், காண்ட்ராக்ட். ஊரில் நிலம் இல்லை, பாதி வீடு. குடிப்பதாக இருபத்திரண்டு பேரில் ஒருவரும் சொல்லவில்லை, மளிகைக் கடைக்காரர் உட்பட. மாதம் நாலாயிரம் அம்மாவுக்குப் போகிறது, அது ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வனமாமலை ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

"பொய் சொல்லுவாரா?"

"போனை எடுத்தா சொல்ல மாட்டாரு சார். எடுக்கவே மாட்டாரு."

வனமாமலை முதல்முறையாகச் சிரித்தார். ஹாஸ்டலுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். ஸ்பீக்கரில் கனகலட்சுமியின் குரல் வந்தது. பின்னால் யாரோ பக்கெட்டை நகர்த்தும் சத்தம்.

"அந்த பைக்கை எதுக்கு வாங்குனாராம் மாமா?"

நம்பிராஜன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "வண்டி இல்லன்னு ஒரு எடத்துல வேண்டாம்னுட்டாவ. அதான்."

பின்னால் பக்கெட் சத்தம் நின்றது.

"கம்பெனி பஸ்ஸுக்குத்தான் நாம ரெண்டு பேரும் ஓடப் போறோம். அதைக் குடுத்துத் தொலைக்கச் சொல்லுங்க மாமா. மிச்சம் எவ்வளவு நிக்கும்னும் கேட்டுக்கோங்க."

நாம ரெண்டு பேரும் என்றதை நம்பிராஜன் கேட்டான். எல்லப்பனும் கேட்டார். "நான் குடுத்த ரிப்போர்ட்தான்…" என்று ஆரம்பித்தார். பாப்பம்மாள் அவர் கையில் காலித் தட்டுகளைக் கொடுத்தாள்.

நம்பிராஜன் தார்ப்பாயை விலக்கிச் சாவியை நீட்டினான். வண்டியை விற்றதுபோக மிச்சம் நாலு தவணைபோல நிற்கும், எழுதிக் கொடுத்தால் பிரித்துக் கட்டலாம் என்றான் மணிகண்டபிரபு. வந்த வண்டியைக் கன்னியப்பன் எடுத்தான். பிடித்த வண்டியில் மணிகண்டபிரபு ஏறினான்.

"பெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு வழியாத்தான போறிய?" வனமாமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். பிறகு நம்பிராஜனைத் திரும்பிப் பார்த்தார்.

"தை பிறந்ததும் ஒரு வாரம் லீவு சொல்லி வையும். கடைசி நேரத்துல கம்பெனியில குடுக்க மாட்டான்."

வண்டி கிளம்பியது. தெரு முனைவரை வனமாமலை முன்னால் சாய்ந்து மணிகண்டபிரபுவின் காதில் ஏதோ விசாரித்துக்கொண்டே போனார். குறிப்புப் புத்தகம் கையில் விரித்தபடியே இருந்தது.