இருபத்து மூன்றாம் எண்

பி.டி. டீச்சரின் விண்ணப்பத்தில் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. புகைப்படம் இருந்தது, செய்தித்தாள் துண்டு இருந்தது, பழைய பதிவேட்டின் நகலும் இருந்தது. நான்காம் பக்கத்தின் அடியில் 'சாட்சி' என்று போட்டிருந்த கோடு மட்டும் காலியாகக் கிடந்தது. வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்த்து அடுக்குவது என் வேலை. குறை இருந்தால் மேலே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டி வைத்தேன்.

எங்கள் வட்டார விளையாட்டுச் சங்கத்தின் புகழ்க்கூடத்துக்கான விண்ணப்பம் அது. புகழ்க்கூடம் என்பது பெயர்தான் பெரிது. உண்மையில் அது ஒரு நடைவழி. இந்த முனையில் அலுவலகம், அந்த முனையில் கழிப்பறை, வாசற்படி இடையில். நடுவே இரண்டு பக்கச் சுவரிலும் முப்பத்தொரு சட்டங்கள் தொங்குகின்றன. நீச்சல்காரர், பளு தூக்கியவர், கோல் காத்தவர், வலைப்பந்து ஆடிய அக்கா தங்கை இருவர். எல்லாப் பெயர்களையும் கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள். கடைசி மூன்று பெயர்கள் என் கையெழுத்து. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என்னை இங்கே சேர்த்துக்கொண்டதே அந்தக் கையெழுத்துக்காகத்தான். எனக்கு அதிகம் பேச வராது என்பதும் அவர்களுக்கு வசதி.

வருஷத்துக்கு ஒருவரைத்தான் சேர்ப்பார்கள். ஐந்து பேர் குழு. ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போடுவார்கள். நான்கு 'ஆம்' விழ வேண்டும். செயலாளர் முன்பு நடுவராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் விசில் சார். கூட்டத்துக்கு முந்தின வாரமே சுவரில் ஆணியை அடித்து வைக்கச் சொல்லிவிடுவார். "இடம் ரெடி, ஆளுதான் வரணும்" என்பார். ஓட்டு விழாத வருஷங்களின் ஆணிகள் இரண்டு, சட்டங்களுக்கு நடுவே இன்னும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் சார் தன் குடையை மாட்டுவார்.

சாட்சி விதி பின்னால் வந்தது. ஒருமுறை உயரம் தாண்டியவர் ஒருவரை மாட்டி, மாலை போட்டு, கைதட்டி, ஆறு மாதம் கழித்து அவர் கொடுத்த செய்தித்தாள் துண்டே பொய் என்று தெரிந்து இறக்கினார்களாம். அந்த இடத்தில் இப்போது காலண்டர் தொங்குகிறது. அன்றிலிருந்து, அதே பந்தயத்தில் கூட ஓடிய ஒருவர் 'இவர் முதலாவதாக வந்ததை நான் என் கண்ணால் கண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. இருந்தால் செல்லாது.

டீச்சரின் பந்தயம் இருபத்தாறு வருஷத்துக்கு முந்தையது. பெண்கள், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். ஓடியது எட்டுப் பேர். பதிவேட்டில் முதல் வரியில் இருபத்து மூன்றாம் எண், டீச்சரின் பெயர், நேரம், பக்கத்தில் சிவப்பு மையில் 'சாதனை'. அந்த நேரத்தைப் பத்தொன்பது வருஷம் யாரும் தொடவில்லை. இரண்டாவது வரியில் நாற்பதாம் எண், என் அம்மாவின் பெயர். மற்ற ஆறு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். மூவருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. இருவர் பதிலே போடவில்லை.

அந்த நாற்பதாம் எண் என் அம்மா என்று அலுவலகத்தில் நான் சொல்லவில்லை. அம்மா இரண்டாவதாக வந்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழ் கரண்ட் பில்களோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஆனால் அம்மாவும் டீச்சரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒருகாலத்தில் ஒரே சைக்கிளில் போனவர்கள் என்பதும், இப்போது தெருவில் பார்த்தால் ஒருத்தி கடைப் பலகையைப் படிப்பாள், இன்னொருத்தி செருப்பைச் சரிசெய்வாள் என்பதும் தெரியும். காரணம்தான் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாளெல்லாம் ஈரப் போர்வைகளை உதறி மடிக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் தோளைத் தூக்க மாட்டாள். டீச்சர் வாசலில் நின்றார். நல்ல உயரம். நிலையில் இடிக்காமல் இருக்கக் குனிந்தார்.

"என்ன கொக்கு, வழி தெரிஞ்சுதா?" என்றாள் அம்மா, உட்கார்ந்தபடியே.

"சுண்டெலி வீடு சுண்டெலி சைஸுலதானே இருக்கும். தேடிக் கண்டுபிடிச்சேன்" என்றார் டீச்சர்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு சட்டென்று சிரிப்பு தீர்ந்துபோனது. டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையிலிருந்து அந்த நான்காம் பக்கத்தை எடுத்தார். அன்று மத்தியானம் அவர் கேட்டு நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணுமாம். உன் கையெழுத்து ஒண்ணுதான். அடுத்த வருஷம் விதியை மாத்தப் போறாங்க, பந்தயம் முப்பது வருஷத்துக்குள்ள நடந்திருக்கணும்னு இருக்கிறதை இருபத்தஞ்சு ஆக்கிடுவாங்களாம். அப்புறம் எனக்குக் கிடையவே கிடையாது."

அம்மா காகிதத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தாள். கண்ணாடி வேண்டும் அவளுக்கு, போடமாட்டாள்.

"கண்ணால கண்டேன்னு போட்டிருக்கே. நான் எங்கடி கண்டேன்? முன்னாடி ஓடுறவளுக்கு என்ன, முதுகுலயா கண்ணு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தம்ளரைக் கழுவுகிறமாதிரி திரும்பிக்கொண்டேன்.

"பழசைக் கிளறாதே. நீயும்தானே அன்னிக்குச் சும்மா இருந்தே?"

"இருந்தேன். இல்லேன்னு சொல்லலையே. காகிதம் இருக்கட்டும், நீ போ. தோள் வலிக்குது."

அவர் போன பிறகு அம்மா சொன்னாள். யாரையும் குறை சொல்கிற குரலில் இல்லை. கடைக்குப் போய் வந்த கதை சொல்கிறமாதிரி சொன்னாள். முதுகில் குத்திக்கொள்ள எண் எழுதிய துணி கொடுப்பார்களாம். அந்த வருஷம் துணி போதாமல், கடைசியில் பெயர் கொடுத்தவர்களுக்குச் சின்னதாக வெட்டிவிட்டார்கள். அம்மாவின் நாற்பது, உள்ளங்கை அகலம். டீச்சரின் இருபத்து மூன்று, முறம் மாதிரி. அம்மாவின் பனியனில் முதுகுப்பக்கம் ஒரு ஜாண் கிழிசல்.

"பதினாறு வயசு. முதுகு தெரியுதுன்னு உயிரே போச்சு. அவதான், என்னுதைக் குத்திக்கோடி, மூடிடும்னா. மாத்திக் குத்திக்கிட்டோம். நம்பரைப் பார்த்துத்தான் பேர் எழுதுவாங்கன்னு ரெண்டு மண்டைக்கும் தோணல. ஓடினா முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சோம்."

"அப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லப் போனேன். பி.டி. மாஸ்டர் வாயைப் பொத்திட்டார். அடுத்தவ நம்பர்ல ஓடினா ரெண்டு பேரும் அவுட். புள்ளி போச்சு, பள்ளிக்கூடத்துக்குக் கப்பு போச்சு. எவ வந்தா என்ன, கப்பு நம்மளுதுதானேன்னார். சரின்னுட்டேன். இவளும் ரெண்டு நாள் அழுதா. அப்புறம் மேடையேறி மெடலை வாங்கினா. அப்புறம் அழல."

"இப்ப கையெழுத்துப் போடுவியா?"

அம்மா எழுந்தாள். காகிதத்தை அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள்.

புதன் போனது. வியாழன் போனது. அலுவலகத்தில் நான் நடைவழியைப் பெருக்கும்போதெல்லாம் புது ஆணி கண்ணில் பட்டது. டீச்சர் கெட்டவர் இல்லை. மழை நாளில் பள்ளிப் பிள்ளைகள் போன பிறகே வீட்டுக்குக் கிளம்புகிறவர். வேறு மூன்று பந்தயங்களில் உண்மையாகவே ஜெயித்தவர். ஆனால் சுவருக்கு வருவது பத்து வருஷம் நின்ற சாதனை மட்டும்தான். கையெழுத்து விழாவிட்டால் அவருக்கு இனி இந்தச் சுவர் இல்லை. விழுந்தால், அந்தப் பந்தயத்தை நானே என் கையால், வெள்ளைப் பெயிண்டில், அவர் பெயருக்குக் கீழே எழுத வேண்டியிருக்கும். வேலையில் சேர்ந்த மூன்று வருஷத்தில் பிரஷ்ஷைத் தொட முதல்முறையாகப் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில், நான் செருப்பு மாட்டும்போது அம்மா நாலாக மடித்த காகிதத்தை நீட்டினாள். "அங்க போய்ப் பிரி" என்றாள். நான் தெருமுனையிலேயே பிரித்துவிட்டேன்.

'இவர் முதலாவதாக வந்ததை நான் என் கண்ணால் கண்டேன்' என்ற வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்திருந்தாள். கீழே, உருண்டை உருண்டையான எழுத்தில்: 'கடைசிச் சுற்று முழுக்க இவள் மூச்சுச் சத்தம் என் தோளிலேயே இருந்தது. விடவே இல்லை. இவள் மட்டும் பின்னால் வந்திருக்காவிட்டால் நான் அவ்வளவு வேகம் ஓடியிருக்க மாட்டேன்.' அதன் கீழே கையெழுத்து. தேதிகூடப் போட்டிருந்தாள்.

அடித்தல் திருத்தல். செல்லாது. விதிப்படி நான் அதை அப்போதே தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கோப்பில் வைத்து, அதன் மேல் மஞ்சள் சீட்டை ஒட்டி, சாயங்காலம் வரை மேஜையிலேயே வைத்துக்கொண்டேன்.

நாலு நாற்பதுக்கு டீச்சர் வந்தார். பள்ளியிலிருந்து நேராக வந்திருப்பார், கழுத்தில் விசில் தொங்கியது. நடைவழியில் வரும்போது புது ஆணிக்கு எதிரே ஒரு நொடி நின்றதைக் கதவு வழியாகப் பார்த்தேன்.

"கொடுத்தாளா?" என்றார்.

கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மின்விசிறி பக்கத்தைத் தூக்கியது. நாங்கள் காகிதக் கனமாக வைத்திருக்கும் ஓடாத ஸ்டாப்வாட்சை எடுத்து மூலையில் வைத்தேன்.

"இருபத்தாறு வருஷமா சொல்லிச் சொல்லி எனக்கே மறந்து போச்சு பாப்பா. நிஜமாத்தான் சொல்றேன். கனவுல வர்றப்பகூட நான்தான் நாடாவைத் தொடுவேன்" என்றார். "அவ முதுகை நான் மட்டும்தான் பார்த்தேன். அந்தக் கிழிசலை என் துணி மூடியிருந்துச்சு. ஓரத்துல ஒரு ஊக்கு கழண்டு ஆடிக்கிட்டே இருந்துச்சு. எப்ப விழும், எப்ப விழும்னு அதையே பார்த்துக்கிட்டு ஓடினேன்."

நான் மஞ்சள் சீட்டின் ஓரத்தை அழுத்தி ஒட்டினேன்.

"இதை இப்படியே கொடுத்தா சார் என்ன சொல்வார்?"

"செல்லாதும்பார் டீச்சர். இல்லாட்டி குழுவுல வெச்சுக் கேப்பாங்க. நம்பர் மாத்தினது தெரிஞ்சா ரெண்டு பேரும் அவுட்னுகூடச் சொல்லலாம்."

"புதுப் படிவம் இருக்கா?"

இருந்தது. இழுப்பறையில் ஒரு கட்டே இருந்தது. எடுத்து மேஜையில் வைத்தேன். வெளியே ஒரு குரல் கேட்டது. விசில் சார் காவலாளியிடம் மழை வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மணி நாலு ஐம்பது.

டீச்சர் புதுப் படிவத்தைத் தொடவில்லை. பழையதையே முதல் பக்கத்துக்குத் திருப்பினார். "பேனா கொடு" என்றார். கொடுத்தேன். பெயர், வயது, பள்ளி எல்லாவற்றையும் விரலால் தாண்டி, 'அணிந்திருந்த எண்' என்ற கட்டத்தில் நின்றார். இருபத்து மூன்று என்று அச்சு மாதிரி எழுதியிருந்தார். அளவுகோலும் கேட்டார். அம்மாவைப் போலவே நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே நாற்பது என்று எழுதினார்.

விசில் கழுத்தில் ஆட, எழுந்து, "ஸ்டாம்பு வெச்சுடு" என்று சொல்லிவிட்டு, கழிப்பறை இருக்கிற பக்கமாகப் போனார். அந்தப் பக்கம் வெளியே போக வழி கிடையாது.

பேனா மை மெதுவாக உலர்கிற ரகம். சாரின் செருப்புச் சத்தம் படியேறியது. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். புகைப்படம், செய்தித்தாள் துண்டு, நகல், எண், சாட்சி. குறை எதுவும் இல்லை. மஞ்சள் சீட்டை உரித்தேன். அது விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன், விழவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்த சார், குடையை ஒரு கையில் பிடித்தபடி கோப்புக்காக மறு கையை நீட்டினார். நாற்பது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.