வெறும் ஃபங்ஷன்கள்

2001 ஜூலை 12, வியாழன். புரோகிராமின் நடுவில் இருக்கும் மூன்று ஃபங்ஷன்களும் வெறுமனே கைமாற்றி விடுபவை என்று நினைத்தேன். தவறு. மூன்றாவதை நீக்கியதும் லேபிள் பாதியில் நின்றுவிட்டது. திரும்பச் சேர்த்தேன்.

நோட்டில் இதை எழுதிவிட்டுத் தாட்சாயணி ஸ்கிரீனைப் பார்த்தாள். திருப்பதியின் அந்த மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் அவளும் ராம்ப்ரசாத்தும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். சித்தூர் மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றின் லேபிள் பிரிண்டருக்காக அவன் போன வருஷம் எழுதிய லினக்ஸ் டிரைவர் புரோகிராம் அது. அச்சடி என்று கட்டளை வந்தால் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும், அது மற்றொன்றை. மண்டல ஆபீசில் மனு மேஜை மேஜையாக நகர்வதுபோல. அந்தச் சுற்றைக் குறைப்பது அவள் வேலை. சனிக்கிழமை தொழிற்சாலையில் அது ஓடினால் வகுப்பை நடத்தும் வேதாச்சலம் சார் பெங்களூர் வேலைக்கு அவள் பெயரை அனுப்புவார். ஓடாவிட்டால் ராம்ப்ரசாத்தின் பெயரை.

பிரிண்டர் தயாராகும்வரை காத்திருக்கும் வேலை மூன்றாவது ஃபங்ஷனுக்குள் வேறு பெயரில் இருந்தது. மேலே ஒரு வரி குறிப்பில்லை. மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா?

"நடுவுல வெயிட் பண்ணுதுன்னு ஏன் சொல்லல?"

"நேத்து சாப்ட்டதே ஞாபகம் இல்லை. போன வருஷம் எழுதினது." அவன் நாற்காலியைத் திருப்பினான். "அந்த டேபிளையும் தூக்கிடு. ரெண்டு மாடல் பிரிண்டர் இருந்தப்போ, எதுக்கு எந்த ஃபங்ஷன்னு பாக்க வெச்சது. அவா பழசை இப்ப கடாசிட்டா."

"நீ பாத்தியா?"

"போலீஸ் ஸ்டேஷன்ல ஒக்காந்துண்டிருக்கற மாதிரி இருக்கு, தாட்சா."

அவள் சிரிக்கவில்லை. ஒரு வேரியபிளின் பெயரை மாற்றச் சொன்னதற்கு ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டவன், டேபிளையே விட்டுக்கொடுக்கிறான். அவன் சொல்வது உண்மையென்றால் அதை விட்டுவைப்பது அசட்டுத்தனம். டேபிளை எடுத்தபின் பழைய பிரிண்டர் அங்கேயே இருந்தால் சனிக்கிழமை அதில் ஒரு லேபிளும் வராது.

"நாளைக்கு சித்தூர் போய்ப் பாத்துக்கினு வந்து எடுக்கறேன்."

"என்னை நம்பலையா?"

"என்னையே நம்பல. உன்னை இன்னாத்துக்கு நம்பணும்?"

"அப்ப நானும் வரேன். அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். எந்த பஸ்?"

"ஏழு மணி பஸ்" என்றாள்.

அவன் இறங்கிப் போனதும் ஜன்னலருகே வந்தாள். வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பாமல் எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குள் நுழைந்தான். கண்ணாடிக்குப் பின்னால் ரிசீவரைக் காதில் வைத்து, முதுகைக் காட்டி நின்றான். சித்தூருக்கா? வீட்டுக்காகவும் இருக்கலாம்.

அவள் திரும்பி வந்து எழுதினாள்: நாளை ஐந்து மணிக்கே முதல் பஸ்ஸில் தனியாகச் சித்தூர். அங்கே எத்தனை பிரிண்டர் என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை டேபிளில் கை வைக்கக்கூடாது.