இரும்பு பீரோ

தொண்ணூற்றொன்பதில் லினக்ஸ் தெரியாதவனைத் தேவநேசன் மனிதனாகவே மதிப்பதில்லை. ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் குடோன் கம்ப்யூட்டரை ஒயர் இல்லாமல் ரேடியோ அலையில் ஆபீசோடு இணைக்க வந்தவன், முதல் நாளே குடோன் கிளார்க் பரிபூரணத்திடம் எரிந்து விழுந்தான்.

"கம்ப்யூட்டருக்குள்ள எம்புட்டுப் பஞ்சுத் தூசி! மூளை இருந்தா பீரோவுல வச்சுப் பூட்ட மாட்டீங்க?"

இரும்பு பீரோவின் அடியில் ஓட்டை போட்டு, ஒயர்களை வெளியே எடுத்து, கம்ப்யூட்டர் பெட்டியை உள்ளேயும் திரையை வெளியே மேசையிலும் வைத்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒயர்லெஸ் கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை ஏற்றினான். அவன் இருக்கும்வரை ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜுக்குப் போய்ச் சேர்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டதென்று போன் வந்தது. மூன்று நாளும் இதே கூத்து. டிரைவரைத் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்தான். அதை எழுதியவனை முட்டாள் என்றான். மில்லில் இருப்பதெல்லாம் பஞ்சு மண்டை என்றான்.

நான்காம் நாள் மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தான். பரிபூரணம் பீரோவைச் சாத்திச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். நாலு பக்கமும் இரும்பு மூடி அலையை மறித்ததும் திரையில் இணைப்பு அறுந்தது.

"தினமும் பூட்டுதீங்களா?"

"நீங்க ஏசின அன்னையிலருந்து ஒருநாளும் மறக்கல சார். எனக்கும் மூளை இருக்கு."